துறைமுகம் மூடியாச்சு

காற்று ஓர் அளவைத் தாண்டிவிட்டால்
புன்டா அரேனாசில் படகு ஓடாது.
வானொலியில் சொல்வார்கள்.
அதற்கும் முன்னாலேயே
அம்மாவின் கைப்பேசி ஒருமுறை அதிரும்:
துறைமுகம் மூடியாச்சு. நாளைக்குத்தான் வருவேன்.

அப்பா அக்கரையில் மீன் ஆலைகளுக்குக்
குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர்.
அக்கரை ஊரின் பெயர் போர்வெனிர்.
எங்கள் மொழியில் 'வருங்காலம்' என்று பொருள்.
அப்பாவுக்கு வருங்காலத்தில் ஒருத்தி இருந்தாள்,
எடெல்மிரா என்று.

வகுப்புத் தோழியின் சித்தி மகன் போட்ட
ஒரு பிறந்தநாள் காணொளி. பதினொரு விநாடி.
கேக், கைதட்டல், ஓரத்தில் ஒரு கிழட்டு நாய்.
அது எழுந்து வந்து
ஒரு முழங்காலில் தலை வைத்துப் படுக்கிறது.
முகம் தெரியவில்லை. பேன்ட் தெரிந்தது.
நான் இஸ்திரி போட்ட பேன்ட்.
ஒருநாள் பழக்கத்தில்
எந்த நாயும் அப்படிப் படுக்காது.

பதினான்கு வயதில் காற்றைக் கணக்கெடுத்தேன்.
அந்த வருடம் அப்பா வராத இரவுகள் முப்பத்தொன்று.
துறைமுகம் நிஜமாகவே மூடியது பன்னிரண்டு.
அதுவரை கழித்தலில் நான் சுமார்தான்.

அம்மாவிடம் தாளைக் காட்டினேன்.
பார்த்தாள். நான்காக மடித்தாள்.
அடுப்பில் ஒரு விறகு கூடுதலாக வைத்துவிட்டு,
சாப்பிடு, ஆறிப்போகும் என்றாள்.

லௌத்தாரோ வந்தது பதினாறில்.
மாமாவின் டயர் கடையில் சனிக்கிழமை வேலை.
நகக்கண்ணில் போகாத கறுப்பு.
பேசும்போது காது சிவக்கும்.

புயல்காற்று நாட்களில்
நகரத்தின் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் விழுந்துவிடாமல் பிடித்து நடக்க.
அவன் ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருந்தான்,
மறு கையில் என்னை.
நான் கயிற்றை மட்டும் பிடித்திருந்தேன்.

சார்ஜ் தீர்ந்துவிட்டது என்பான்.
எத்தனை மணிக்கு என்பேன்.
பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பேன்.
அவன் சிரித்து, கைப்பேசியையே கையில் கொடுத்துவிடுவான்.
உள்ளே டயர்கள், ஒரு பூனை, நான் கொட்டாவி விடும் படம்.
வேறொன்றும் இல்லை.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.
அப்பாவின் கைப்பேசியிலும்
வேறொன்றும் இருந்ததில்லை.

அவன் கூடைப்பந்து ஆட
நத்தாலெசுக்குப் போன சனிக்கிழமை,
டானிட்சா வீட்டு மாடிப்படியில்
பிராங்கோவை முத்தமிட்டேன்.
பிடித்தெல்லாம் இல்லை.
முந்திக்கொள்ள.
என்றைக்கோ விழப்போகிற அடியை
நானே தேதி குறித்து அடித்துவிட்டால்
வலி பாதியாகும் என்று ஒரு கணக்கு.

இரவு அவன் அழைத்தான்: வீடு போய்ச் சேர்ந்தாயா?
காற்று, என்றேன்.
தெருவில் கால் வைக்க முடியவில்லை.
டானிட்சா வீட்டிலேயே தங்கிவிட்டேன், என்ன செய்ய.

அந்த 'என்ன செய்ய' என்னுடையதல்ல.
அதற்கு முன்னால் விட்ட சிறு மூச்சும்.
படியில் உட்கார்ந்தபடி
என் வாயிலிருந்து அப்பா பேசுவதைக் கேட்டேன்.
கொஞ்சமும் தடுமாறவில்லை அவர்.

போர்த்திக்கொண்டு படு, என்றான் லௌத்தாரோ.
வரிக்கு வரி அம்மா அனுப்பும் பதில்.

அதன்பின் ஒன்பது நாள்
அவனிடம் எதையும் துருவிக் கேட்கவில்லை.
நான் மாறிவிட்டேன் என்று மகிழ்ந்தான்.
கலஃபாத்தே ஜாம் ஒரு புட்டி கொண்டுவந்து கொடுத்தான்,
அவன் வீட்டில் செய்தது.
திறக்க முடியவில்லை.
மூடி இறுக்கமில்லை.

பத்தாம் நாள் காற்றே இல்லை.
இந்த ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால்
காது அடைத்தது போலிருக்கும்.
கயிறுகள் தொய்ந்து கிடந்தன.
கடையில் அவன் ஒரு டயரைத்
தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி
குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் காற்று இல்லை, என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான்.
ஆமாம், ஒரு இலை அசையவில்லை, என்றான்.
பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே,
மெதுவாக,
எந்த அன்றைக்கு? என்றான்.